கருப்பு சொன்ன தேதியும் ஸ்டூல் ஊர்வலமும்

இந்த மே தினத்தன்று என் மனைவியை ஊர்வலத்துக்குப் போகவிடுவதில்லை என்று நான் முடிவு செய்தேன். முடிவு செய்வதில் நான் புலி. அதற்கப்புறம் நடப்பதில்தான் எப்போதும் இழுபறி.

என் பெயர் ராஜபாண்டி. பெயரிலேயே ஒரு ராஜாவும் ஒரு பாண்டியனும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுகொள்வார்கள், உள்ளே வரமாட்டார்கள். உங்கள் வீட்டில் மதுரையா சிதம்பரமா என்று கேட்பார்களே, அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்பதில்லை. நாங்கள் குடியிருப்பதே மதுரை. மனைவி பெயரோ பாண்டிமீனா. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஸ்டூல், நாற்காலி, வாளி, குடம் எல்லாம் செய்கிறோம். மிஷினிலிருந்து சூடாக வந்து விழும் ஸ்டூலின் ஓரமெல்லாம் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கத்தியால் சீவி எடுப்பது பெண்களின் வேலை. மீனாவும் அந்த வரிசையில்தான் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். காலையில் மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் நிற்கிறாள். ஊருக்கெல்லாம் உட்கார ஸ்டூல் செய்கிற பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்து எழுந்தால் சரக்கு பழசாகிவிடுமாம். இது முதலாளியின் கொள்கை.

நான் பகலிலேயே கனவு காண்கிறவன். நின்றபடி காண்பேன், பஸ்ஸில் தொங்கியபடி காண்பேன், மீனா பேசும்போது தலையை ஆட்டியபடியே காண்பேன். அந்த நாட்களில் என் கனவெல்லாம் ஒரு நாற்காலியைப் பற்றித்தான். பழைய மேனேஜர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அவருடைய சுழல் நாற்காலி மட்டும் கண்ணாடி அறைக்குள் தனியாக இருந்தது. அதில் உட்கார்ந்து காலால் ஒரு உந்து உந்தினால் ஜன்னல் வரும். இன்னொரு உந்து உந்தினால் ஏசி வரும். மூன்றாவதாக உந்தினால் மேகத்துக்குள் போய்விடலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

முதலாளி என்னை அந்த அறைக்கே கூப்பிட்டார். நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினார். நம் கம்பெனிப் பெண்கள் மே தின ஊர்வலத்துக்குக் கிளம்புகிறார்களாம், கிளப்பிவிடுவது என் மனைவிதானாம். அவள் வராவிட்டால் ஒருத்தியும் போகமாட்டாள் என்று அவருக்கு உளவு வந்திருந்தது. உளவு சரிதான். எங்கள் தெருவில் தண்ணீர் லாரியே மீனா கையைக் காட்டினால்தான் நிற்கும்.

"ஒன் சம்சாரத்தை வீட்டுல நிப்பாட்டு. ஒன்ன நான் இதுல உக்கார வைக்கிறேன்," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கம்பெனிப் பெண்கள் எல்லாரும் எங்கள் முன்னறையில் கூடியிருந்தார்கள். எனக்கு உள்ளே போக வழியில்லை. செருப்பு விடும் இடத்தில் நின்று கேட்டேன். பேசியது முத்துத்தாய். குட்டியானை வண்டி ஓட்டும் என் சிநேகிதன் காளையின் மனைவி.

"மே ஒண்ணு ஆம்பளைகளுக்கு லீவு. லீவுன்னா கறி. கறி எடுத்துட்டு வந்து போட்டுட்டு, ஆக்குன்னு சொல்லிட்டு மல்லாக்கப் படுத்துக்கிருவாக. நம்ம அடுப்படிய விட்டு எந்திரிக்கவே பொழுது போயிரும். எங்கிட்டு ஊர்வலம் போறது, மதினி?"

மற்ற பெண்களும் அதையேதான் சொன்னார்கள். போலீஸுக்குப் பயமில்லை, முதலாளிக்குப் பயமில்லை, வெயிலுக்குப் பயமில்லை. கறிக்குழம்புதான் தடை. மீனா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது வழி பண்ணுவோம் என்று கடைசியில் சொன்னாள்.

செருப்போரத்தில் நின்ற எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற பெண்களைக் கறி கட்டிப்போட்டுவிட்டது. ஆனால் மீனா என் கறிக்குக் கட்டுப்படுகிறவள் இல்லை. ஆசைப்பட்டால் நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவளைக் கட்டிப்போட வேண்டுமென்றால் அது சாமிக் கறியாக இருக்க வேண்டும். அந்த இடத்திலேயே என் மூளையில் ஒரு பல்பு எரிந்தது.

மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது ஆரம்பித்தேன்.

"மீனா, விடியக்காலையில ஒரு கனவு."

"ஒங்களுக்குக் கனவு வராத நாளு எது?"

"இது அந்த மாதிரி இல்ல. கருப்பு வந்தாரு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். திருவாதவூர்ப் பக்கம் வயல்காட்டுக்கு நடுவில் புளியமரத்தடியில் இருக்கிற கருப்புதான் எங்கள் குலசாமி. அவர் பெயரைச் சொன்னால் மீனா எதையும் கீழே வைத்துவிடுவாள்.

"வெள்ளைக் குதிரையில வந்தாரு. கையில அருவா. ராஜபாண்டி, எனக்கு ஒரு கிடா வெட்டுன்னாரு."

"எப்ப வெட்டணுமாம்?"

"மே ஒண்ணு."

"சாமியே தேதி சொல்லுச்சா?"

"ஏன், சாமிக்குத் தேதி தெரியாதா?"

"இல்ல, இங்கிலீஷ் தேதி சொன்னாரேன்னு கேட்டேன்."

சித்திரைத் தேதியை நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் முந்திவிட்டது. ஆனால் மீனா அதற்கு மேல் துருவவில்லை. கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். சாமி கேட்டுவிட்டால் அப்புறம் ஊர்வலமாவது ஒன்றாவது, செய்யத்தானே வேண்டும் என்றாள். இம்புட்டு சுலபமாக ஜெயிப்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

கம்பெனிக்குப் போன கையோடு முதலாளியிடம் சொன்னேன். மே தினத்தன்று என் மனைவி பொழுது முழுக்கக் கோயிலில் அண்டா முன்னால் இருப்பாள் என்றேன். சாமி காரியத்தை எந்தச் சங்கமும் குறை சொல்ல முடியாது, நீ கெட்டிக்காரன் என்று அவர் முதுகில் தட்டினார். நான் கண்ணாடி வழியாக நாற்காலியைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மீனா திருவாதவூருக்குப் போன் போட்டாள். அங்கே என் தம்பி மருதுவின் வீட்டில்தான் என் அம்மா ராமக்காள் இருக்கிறாள். விசேஷ முறையெல்லாம் அத்தையிடம் கேட்டுக்கொள்வது நல்லது என்று சொல்லி, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். கருப்பு என் கனவில் வந்ததைக் கேட்டு அம்மா சந்தோஷத்தில் அழுதே விட்டாள். மருது வளர்க்கிற கிடாவையே சாமிக்கு விட்டுவிடலாம் என்றாள். அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஆனா மீனா, நீ வர முடியாதேத்தா. கருப்பு கிடா ஆம்பளைச் சோறுல்ல? வெட்டுறது, ஆக்குறது, திங்கிறது அம்புட்டும் ஆம்பளைகதான். பொம்பளை அந்த எல்லைக்குள்ள கால் வைக்கக் கூடாது. மிச்சத்தையும் வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது. ஒங்க மாமா இவன்ட்ட சொல்லிருப்பாகளே."

அப்பா சொல்லியிருப்பார். நானும் தலையை ஆட்டியிருப்பேன். சின்ன வயதில் ஒரு தடவை அந்தக் கிடாச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். குழம்பின் ருசி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. ஆக்கியது யார் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? குழம்பு என்றால் பெண்கள்தான் வைத்திருப்பார்கள் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏன்த்தே, நான் வந்து ஒரு வெங்காயம்கூட உரிச்சுக் குடுக்க முடியாதா?" என்று மீனா கேட்டாள். குரலில் அம்புட்டு வருத்தம். எனக்கே பாவமாகிவிட்டது.

போனை வைத்ததும், அவசரமில்லை, அடுத்த மாதம் பார்க்கலாமே என்று மெதுவாக இழுத்துப் பார்த்தேன். சாமியே தேதி குறித்த பிறகு அதை மாற்ற நாம் யார் என்று கேட்டாள். தலையை ஆட்டி வைத்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை அதே டீ, அதே இடம். இந்தத் தடவை ஆரம்பித்தது அவள்.

"ஏங்க, நேத்து எனக்கும் கருப்பு கனவுல வந்தாரு."

டீ எனக்கு மூக்கில் ஏறியது.

"அதே வெள்ளைக் குதிரை. நீங்க சொன்ன மாதிரியே இருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"ராஜபாண்டிகிட்ட முழுசாச் சொல்ல முடியல, நீ சொல்லிருன்னாரு. நீங்க பாதியில முழிச்சிட்டீங்களாம்."

"சரி, சொல்லு."

"நம்ம கம்பெனிப் பொம்பளைக வீட்டு ஆம்பளைக ஒருத்தர் பாக்கியில்லாம கிடாவுக்கு வரணுமாம். விடியக் கிளம்பிறணும். பொழுது இறங்குற வரைக்கும் கோயில் எல்லையத் தாண்டக் கூடாதாம்."

அவள் முகத்தைப் பார்த்தேன். விளக்கேற்றி வைத்த மாதிரி சாந்தமாக இருந்தது. அவள் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் வெள்ளைக் குதிரையை முதலில் அவிழ்த்துவிட்டவன் நான். அவள் குதிரை பொய் என்றால் என் குதிரை எங்கே நிற்கும்? நானும் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

தெருவில் செய்தி பரவியது. கிடாச் சோறு என்றதும் ஆண்கள் ஒரே நாளில் பக்திமான்கள் ஆகிவிட்டார்கள். குலசாமி வேறாக இருந்தாலும் பரவாயில்லையா என்று ஒருத்தர் வந்து கேட்டார். கறிக்கு ஏது குலம் என்று மீனாவே பதில் சொல்லி அனுப்பினாள். காளை வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தான். முதலாளியிடம் நான் எதையும் சொல்லவில்லை. அண்டா முன்னால் மனைவி என்று சொன்ன வாயால், அண்டா முன்னால் நான் என்று எப்படிச் சொல்வது?

மே ஒன்றாம் தேதி விடியும்போது பெண்கள் எல்லாரும் தெருமுனையில் நின்று எங்களை வழியனுப்பினார்கள். பார்க்க மனசுக்குக் குளுமையாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டுகூட ஒன்றிரண்டு பேர் நின்றார்கள். பக்தி என்று நினைத்தேன்.

கோயிலில் பூசாரி சோணைமுத்து எங்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு கூடை வெங்காயம் கொடுத்தார். அப்புறம் நாங்கள் எல்லாரும் அழுதோம். காளை ஒரு தடவை உப்புப் போட்டான். போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இன்னொருத்தர் போட்டார். அண்டாவில் துடுப்புப் போடுவது என் பொறுப்பு. அரை மணி நேரம் கிண்டியதில் தோள்பட்டை கழன்று குழம்பில் விழுந்துவிடும் போல இருந்தது. அப்போது மீனாவை நினைத்தேன். இவள் தினமும் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து இதையும் நின்று செய்கிறாளே என்று தோன்றியது. அதற்குள் கறி வெந்துவிட்டது.

வாழை இலையில் மலை மாதிரிச் சோறு. உப்புக் கொஞ்சம் தூக்கல். ஆனாலும் ருசி அப்படியே சின்ன வயசு ருசி. சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் எல்லாரும் புளியமர நிழலில் அங்கங்கே சாய்ந்தோம். சித்திரை வெயில் வயல்காட்டின் மேல் அலையலையாக எழும்பிக்கொண்டிருந்தது. தூரத்து வேலிகள் அதில் நீந்தின. மரத்தின் மேலே ஏதோ ஒரு பறவை ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னது. நான் கண்ணை மூடினேன். நாற்காலி வந்தது. ஏறி உட்கார்ந்தேன். அது வயலுக்கு மேலே கிளம்பி, யானைமலையை ஒரு சுற்றுச் சுற்றி, ஒத்தக்கடைப் பஸ்களுக்கெல்லாம் மேலே மிதந்தது. கீழே மக்கள் கையாட்டினார்கள். வானத்தில் மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது.

அடித்தது என் செல்போன். முதலாளி.

"ராஜபாண்டி, ஒன் சம்சாரம் கோயில்லதானே?"

"ஆமாங்க. இங்கதான். அண்டாகிட்ட."

"நல்லது. தமுக்கம் பக்கத்துல என் மச்சினன் மக ரிசப்ஷன். ஊர்வலமும் அந்தப் பக்கந்தான் வருதாம். யாரு யாரு வந்திருக்காகன்னு அப்படியே ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்."

நாற்காலி அந்தரத்தில் கவிழ்ந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன், மீனா எடுக்கவில்லை. காளை முத்துத்தாய்க்குப் போட்டான், அவளும் எடுக்கவில்லை. மற்றவர்களும் போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி எடுக்கவில்லை. அப்போதுதான் எங்கள் கூட்டத்துக்கு ஒரு விஷயம் மெல்ல உறைத்தது. கறிதான் தடை என்று சொன்ன பெண்களிடமிருந்து கறியையும் தூக்கி, கறி கேட்கிற ஆண்களையும் தூக்கி, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து வயல்காட்டில் படுக்கவைத்தது யார்? நான்.

எல்லாரும் வண்டியில் ஏறினோம். பொழுது இறங்கும் முன்னால் எல்லை தாண்டுவதற்கு நான் கருப்பிடம் ஒரு மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லை தாண்டாதே என்று அவர் சொல்லவே இல்லை என்பதுதானே உண்மை.

தமுக்கத்துக்கு முன்னாலேயே போலீஸ் வண்டியை நிறுத்திவிட்டது. இறங்கி நடந்தோம். கோரிப்பாளையத்தில் எங்கே பார்த்தாலும் கொடி. ஊர்வலம் சிம்மக்கல்லிலிருந்து கிளம்பி வைகைப் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தது. மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரி ஆட்கள் வந்தார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கூலி, எல்லாருக்கும் ஒரே டம்ளர் என்று எழுதிய தட்டிகளைத் தூக்கிக்கொண்டு வயல் வேலைக்காரப் பெண்கள் வந்தார்கள். சிவப்புக் கொடியும் நீலக் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் ஆடின. தப்பு மேளச் சத்தம் பாலத்தின் கீழே மணலில் இறங்கி மறுபடி மேலே வந்தது. உண்ட மயக்கம் வேறு எனக்கு முழுசாகத் தெளியவில்லை. கனவுக்குள்தான் இன்னும் நடக்கிறேனோ என்று சந்தேகமாக இருந்தது.

அப்புறம் அவர்கள் வந்தார்கள்.

எங்கள் கம்பெனிப் பெண்கள். ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அவரவர் வீட்டு ஸ்டூலைக் கவிழ்த்துத் தலையில் வைத்திருந்தார்கள். திருவிழாவில் முளைப்பாரி தூக்குகிற மாதிரி ஒரு கை மேலே, ஒரு கை வீச்சில். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். சாய்கிற வெயில் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் புகுந்து வெளிச்சமாக வெளியே வந்தது. பாலத்தின் மேல் விளக்குகள் நடந்து வருவது போல இருந்தது. நானும் எத்தனையோ கனவு கண்டிருக்கிறேன். இம்புட்டு அழகாக ஒன்று வந்ததில்லை.

முன்னால் மீனா. அவளும் முத்துத்தாயும் ஆளுக்கொரு கம்பாக ஒரு பேனரைப் பிடித்திருந்தார்கள். மீனா குரல் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிச் சொன்னார்கள்.

"ஊருக்கெல்லாம் ஸ்டூலு போகுது!"

"எங்க காலு மட்டும் நோகுது!"

போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழே நான் குனிந்து உள்ளே நுழைந்தேன். முதலாளி வருகிறார், உடனே கிளம்பு என்று சொல்லத்தான் போனேன். என்னைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. காய்கறிக் கடையில் பார்த்த மாதிரி பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? இதைக் கொஞ்சம் புடிங்க, கொண்டை அவுந்திருச்சு," என்று கம்பை என் கையில் கொடுத்தாள்.

பிடித்தேன். மனைவி கொடுத்தால் பிடிப்பது கைப்பழக்கம். அவள் ஸ்டூலை இறக்கிவிட்டுக் கொண்டையை முடிந்தாள், பின்வரிசைக்குப் போனாள், திரும்பி வரவே இல்லை. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. நான் நடந்தேன். குரல் கொடுக்க ஆளில்லாமல் கோஷம் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், நான் வாயைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் ஸ்டூலு போகுது என்றேன். பின்னால் அத்தனை பெண்களும் பதில் சொன்னார்கள். அந்தச் சத்தம் முதுகில் வந்து மோதியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்னொரு தடவை சொன்னேன். இன்னும் பலமாகச் சொன்னேன். எதற்கு வந்தோம் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. கறி தின்ற தெம்பில் கணவன்மார்களும் சேர்ந்துகொண்டார்கள். காளை யாருடைய தப்பையோ வாங்கி அடித்துக்கொண்டு வந்தான்.

கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. பட்டு வேட்டியில் முதலாளி. பேனருக்கு மேலே என் தலை. நான் வணக்கம் வைக்கலாம் என்று கையைத் தூக்கினேன். கையில் கம்பு இருந்ததால் பேனர்தான் அவர் முகத்துக்கு நேராக உயர்ந்தது. பின்னால் பெண்கள் அதைப் பார்த்து இன்னும் ஓங்கிக் கத்தினார்கள்.

தமுக்கம் வாசலில் ஊர்வலம் நின்றதும் பெண்கள் தலையிலிருந்த ஸ்டூல்களை இறக்கி ரோட்டில் வைத்தார்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வேறெதுவும் செய்யவில்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். மீனாவும் உட்கார்ந்து, காலை நீட்டி, கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து பகல் வெளிச்சத்தில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்த நிமிஷத்தில் என் வேலை போனாலும் பரவாயில்லை என்று நிஜமாகவே நினைத்தேன்.

மறுநாள் காலை அந்த நினைப்பு இல்லை. முதலாளி கூப்பிட்டதாகச் சொன்னார்கள். டிபன் பாக்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன், திரும்ப வந்து எடுக்க விடுவார்களோ மாட்டார்களோ என்று. கண்ணாடி அறையில் அவர் மறுபடியும் நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இம்புட்டு நாளா ஒன் சம்சாரந்தான் தலைவின்னும் ஒன்ன வெறும் சூப்பர்வைசர்னும் நெனச்சுட்டேன்," என்றார். "நீ ஒரு சத்தம் போட்டா அம்புட்டுப் பொம்பளைகளும் ஒண்ணுபோலச் சத்தம் போடுறாக. நீ நின்னா நிக்கிறாக, உக்காருன்னா உக்காருறாக. இவங்கள மேய்க்க எனக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும்."

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். நான் உட்கார்ந்தேன். உந்தினேன். ஜன்னல் வந்தது. இன்னொரு தடவை உந்தினேன். ஏசி வந்தது. நாள் முழுக்க அப்படியே இருந்தேன்.

சாயங்காலம் அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மீனா அடுப்படியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. கெட்டிக்காரர்தான் என்று பூவை வாங்கி வைத்துக்கொண்டாள். இனிமேல் ஊர்வலம் கீர்வலம் என்று வெயிலில் அலைய வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"ஆமா. இனி எதுக்கு அம்புட்டு தூரம் நடக்கணும்?" என்றாள். "முதலாளியப் பாக்கணும்னா ரெண்டு கேட்டு, ஒரு வாட்ச்மேன். மேனேஜர்னா எங்க வீட்டுப் பாயிலயே படுத்திருக்காரு. அதுக்குத்தானே நீங்க ஓடியாந்ததும் கம்பை ஒங்க கையில குடுத்தேன்."

"அவரு கார் அந்தப் பக்கம் வரும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ரிசப்ஷன் பத்திரிகைய ஆபீஸ் போர்டுல ஒட்டித்தானே வச்சிருக்காக. நீங்க பாக்கலயா?"

நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரி, வரிசையில நிக்கிற எங்களுக்கு ஸ்டூல் எப்ப வரும்?"

"முதலாளியக் கேக்கணும், மீனா."

"அது நிர்வாகத்துக்குள்ள இருக்கிற வெவகாரம். எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது மேனேஜர். நாளைக்குக் காலையில அம்புட்டுப் பேரும் ஒங்க ரூம் வாசல்லதான் உக்காரப் போறோம்."

பேச்சை மாற்ற நினைத்து அடுப்பைப் பார்த்தேன். அடுப்பு எரியவில்லை. சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அப்போதுதான் வயிறு தன் நிலைமையைச் சொன்னது.

"சோறு ஆக்கலயா?"

"கோரிக்கை நெறவேறுற வரைக்கும் தொழிலாளி ஆக்குன சோத்தை நிர்வாகத்துக்குப் போடக் கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போட்டுட்டோம். எனக்கும் சேத்து ஒரு படி போடுங்க, முத்துத்தாயும் வாரேன்னா."

நிர்வாகம் எழுந்து போய் அரிசி களைந்தது.